ஃபிட்ஸ் உள்ளவர்களுக்கு இல்லாத வாடை, இல்லாத குரல்: யாருக்காவது இப்படி வருகிறதா?

#1 தூரத்து_ஒலி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். வயது 31. முதல் ஃபிட்ஸ் வந்தது 17 வயதில். கீழே விழுந்து கை கால் இழுக்கும் பெரிய வலிப்பு வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. காலையும் இரவும் கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரை. "நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் எழுதுகிறார், நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.

ஆனால் ஐந்தாறு மாதமாக ரப்பர் கருகுகிற வாடை வருகிறது. முதல் தடவை துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டியின் வயர்தான் உருகுகிறது என்று பிளக்கைப் பிடுங்கினேன். வயரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அதற்குள் வாடையும் போய்விட்டது. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று தொண்டை வரை ஏறியது போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கைக்கு எந்த வாடையும் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு பதினைந்து இருபது தடவை வந்திருக்கும். எல்லாமே அதே வாடை.

இன்னொன்று, குரல். பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். ஒரே ஒரு தரம். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. குரல் கேட்கிறது என்று சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஏற்கெனவே ஃபிட்ஸ்காரி என்று ஒரு பெயர். அதற்கு மேல் இன்னொன்றை என்னால் சுமக்க முடியாது. இது வலிப்பா, இல்லை என் புத்தி பேதலிக்கிறதா?

#2 மணல்மேடு

உங்கள் பதிவைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. அந்த வாடை எனக்கு 12 வருடப் பழக்கம். எனக்குக் கருகிய ரப்பர் இல்லை, கெட்டுப்போன ரசாயனம் மாதிரி. கூடவே அதே "வயிற்றிலிருந்து ஏறுவது". அதை நீங்கள் எழுதிய விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

என் நியூராலஜிஸ்ட் சொன்னதைச் சொல்கிறேன். அந்த வாடை வலிப்பு வரப்போகிறது என்ற அறிவிப்பு மட்டும் இல்லை. அதுவே வலிப்பு. மூளையின் ஒரு மூலையில் மட்டும் மின்னோட்டம் தாறுமாறாகிறது, அது பரவாமல் அங்கேயே அடங்கிவிடுகிறது. நினைவு தப்பாததால் நாம் அதை வலிப்பென்றே எண்ணுவதில்லை. காதுக்கு மேலே பக்கவாட்டில் இருக்கும் டெம்போரல் லோபின் உட்பகுதியில் தொடங்கினால் வாடையாக வரும், திடீர் பயமாக வரும், "இது முன்பே நடந்திருக்கிறதே" என்ற உணர்வாகவும் வரும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற லண்டன் மருத்துவர் இந்த வாடை வலிப்பைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்திருக்கிறார். டெம்போரல் லோபில் சில இடங்களைத் தொட்டபோது சிலருக்குப் பாட்டு கேட்டது, சிலருக்குத் தெரிந்தவர்களின் குரல் கேட்டது. அவர்கள் யாரும் புத்தி பேதலித்தவர்கள் இல்லை. இதைத் தெரிந்துகொண்ட அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்று கேட்கிறேன். வாடை எத்தனை விநாடி இருக்கிறது? எனக்கு முப்பது, நாற்பது. ஒருமுறைகூட மூன்று நிமிடத்தைத் தாண்டியதில்லை. குரலும் அதே மாதிரி வருகிறதா, இல்லை வேறு நேரத்தில் தனியாக வருகிறதா? இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடாதீர்கள்.

#3 கதவோரம்

எனக்கு ஃபிட்ஸ் இல்லை, என் மனைவிக்கு. இந்த இழையில் "வலிப்புக்குப் பிறகு" வருவதைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் ஒரே இரவில் அவளுக்கு மூன்று பெரிய வலிப்பு. மறுநாள் முழுக்கத் தூங்கினாள். அதற்கு மறுநாள் எழுந்து குளித்தாள், பேசினாள், சிரித்தாள். வந்தவர்கள் எல்லாரும் தேறிவிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் வேலைக்குத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கண் விழித்தால் வீட்டில் எல்லா விளக்கும் எரிகிறது. நாள்காட்டித் தாள்களைக் கிழித்து அவற்றின் பின்பக்கம் எண்களாக எழுதிக்கொண்டிருக்கிறாள். வானொலியில் செய்தி வாசிக்கிறவர் தன்னிடம் மட்டும் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருப்பதாகச் சொன்னாள். வானொலி அணைந்திருந்தது. நான் அதைக் காட்டினேன். "உங்களுக்குக் கேட்காது, அதனால்தான் என்னிடம் சொல்கிறார்கள்" என்று மிகவும் பிரியமாகச் சொன்னாள். விடிவதற்குள் அந்தப் பிரியம் போய்விட்டது. நான் அவளுடைய கணவன் இல்லை, அவனைப் போலவே இருக்கும் வேறு யாரோ என்றாள். கதவைத் திறந்து ஓடப் பார்த்தாள். அந்தக் கதவோரம் நான் உட்கார்ந்திருந்த நான்கு மணி நேரம் என் வாழ்க்கையில் மறக்காது.

அவசரப் பிரிவில் பார்த்த முதல் டாக்டருக்கு இது வலிப்போடு சம்பந்தப்பட்டதாகத் தோன்றவில்லை. வலிப்பு வந்து மூன்று நாளாகிவிட்டதே என்றார். இரண்டாவதாக வந்தவர்தான், "நடுவில் நன்றாக இருந்தார்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. வலிப்புக்குப் பின் வரும் சைக்கோசிஸ், அதாவது மனப்பிறழ்வு, இது. தொடர்ச்சியாகப் பல வலிப்பு வந்த பிறகு வரும். இடையில் சில மணி நேரமோ சில நாளோ ஆள் தெளிவாக இருப்பார், ஒரு வாரத்துக்குள் இது ஆரம்பிக்கும். அந்தத் தெளிவான இடைவெளிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தார்கள், தூங்க வைத்தார்கள். ஒன்பதாம் நாள் காலை என்னைப் பார்த்து, "ஏன் இப்படி இளைத்துவிட்டீர்கள்?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒருமுறை வரப் பார்த்தது, தடுத்துவிட்டோம். அடுத்தடுத்து வலிப்பு வந்தால் அன்றே கொடுக்க வேண்டிய குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரையின் அளவை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த ஏழு நாள் அவளைத் தனியாக விடுவதில்லை. ஓர் இரவு தூக்கம் கெட்டால் போன் செய்துவிடுவேன். தூக்கம் போவதுதான் முதல் அறிகுறி, பேச்சு மாறுவது அப்புறம்தான்.

#4 வெண்சங்கு

நான் நர்ஸ். வலிப்பு நோயாளிகளை வீடியோ இஇஜியில் (மூளையின் மின்னலைகளையும் ஆளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்வது) வைத்துப் பார்க்கும் வார்டில் நிறைய வருடம் வேலை செய்திருக்கிறேன். இங்கே யாருக்கும் நோய் இன்னதென்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் மணல்மேடு கேட்ட கேள்வியும் கதவோரம் சொன்ன கதையும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன: *எப்போது* வருகிறது என்பது.

வலிப்பின்போதே வருவது சில விநாடியிலிருந்து ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும். அச்சு வார்த்த மாதிரி ஒவ்வொரு முறையும் அதே வாடை, அதே ஒலி. பெரும்பாலும் அது நிஜமில்லை என்று ஆளுக்கே தெரியும். தலையின் பின்பகுதியில் தொடங்கினால் கண்ணில் வண்ண வட்டங்கள் சுழலும். மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலியில் வருவது பெரும்பாலும் மெதுவாகப் பரவும் வளைநெளிக் கோடுகள், இருபது நிமிடம்போல இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பல வருடம் தலைவலி மாத்திரை சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வலிப்பு முடிந்த கையோடு வரும் குழப்பம் வேறு. கதவோரத்தின் மனைவிக்கு வந்தது வேறு. வலிப்புக்குத் தொடர்பே இல்லாமல், இரண்டு வலிப்புகளுக்கு நடுவே வாரக்கணக்கில் குரலும் சந்தேகமும் நீடிப்பது இன்னொன்று. அதற்கு நிலையான மனநலச் சிகிச்சை வேண்டும். வலிப்பு உள்ள 100 பேரில் 5 அல்லது 6 பேருக்கு ஏதாவது ஒரு வகை மனப்பிறழ்வு இருக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். உலகம் முழுக்க ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தனியாக இல்லை, தூரத்து_ஒலி.

அரிதான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு வலிப்பு சட்டென்று நின்று, இஇஜியும் சுத்தமாகும் அதே நேரத்தில் மனம் தடம் புரளும். லாண்டோல்ட் என்பவர் 1953இல் இதை விவரித்தார். வீட்டில் இருப்பவர்கள், "இப்போது ஃபிட்ஸே இல்லையே, பிறகு ஏன் இப்படி நடந்துகொள்கிறார்?" என்று கோபப்படுவார்கள். அது அவருடைய குணம் இல்லை.

#5 மூன்றாவது_மாடி

மாத்திரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு லெவெடிராசிடம் என்ற வலிப்பு மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம். மகள் பென்சிலைக் கீழே போட்டாள், அவ்வளவுதான். நான் போட்ட சத்தத்தில் அவள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பென்சில் உருண்டுகொண்டே போய்ச் சுவரில் முட்டியதைப் பார்த்துக்கொண்டே கத்தினேன். இது நான் இல்லை என்று உள்ளே ஒருத்தி சொல்கிறாள், வாய் நிற்கவில்லை. அந்த மாதம் முழுக்க யாரோ என்னைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பது போன்ற எண்ணம்.

அப்புறம் செய்ததுதான் பெரிய தப்பு. யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் குளியலறையில் வலிப்பு, முன்பல் உடைந்தது, அடுத்தடுத்து வந்து ஆம்புலன்ஸில் போனேன். இந்த மருந்தால் எரிச்சலும் கோபமும் மனச்சோர்வும் வருவது எல்லாருக்கும் தெரிந்த பக்கவிளைவாம். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் போதும், அவர்களே படிப்படியாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றியிருப்பார்கள். இப்போது லாமோட்ரிஜின். தோலில் தடிப்பு வரும் ஆபத்து இருப்பதால் அதை மிக மெதுவாகத்தான் ஏற்றினார்கள். மகள் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வரைகிறாள்.

லெவெடிராசிடம் கெட்ட மருந்து என்று இதை யாரும் படிக்க வேண்டாம். என் அண்ணனுக்கு அதே மருந்துதான், எட்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.

#6 நேர்கோடு

எல்லாரும் "டாக்டரிடம் சொல்லுங்கள்" என்றுதான் முடிக்கப்போகிறீர்கள். நான் சொன்னேன். குரல் கேட்கிறது என்று சொன்ன அன்றிலிருந்து என் கோப்பில் மனநோயாளி என்று ஏறிவிட்டது. பிறகு எனக்கு வந்த ஒவ்வொரு வலிப்பையும் "மனப்பதற்றம்" என்றார்கள். ஒருவர் நடிக்கிறேன் என்றே சொன்னார். ஒன்றரை வருடம் கழித்து எம்ஆர்ஐயை வேறொருவர் மறுபடி பார்த்துத்தான் டெம்போரல் லோபில் தழும்பு இருப்பதைச் சொன்னார். அந்த ஒன்றரை வருடத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? அது போக, மனநல மாத்திரை சாப்பிட்டால் ஃபிட்ஸ் அதிகமாகும் என்கிறார்களே, அதற்கு என்ன பதில்?

#7 வெண்சங்கு

நேர்கோடு, உங்களுக்கு நடந்தது தவறு. அதை மழுப்ப மாட்டேன். ஒரு பெயர் கோப்பில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு வருவதையெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகவே பார்ப்பவர்கள் உண்டு, நான் நேரில் பார்த்திருக்கிறேன். மூளையில் மின்கோளாறு இல்லாமலேயே வரும் வலிப்பு போன்ற நிலை ஒன்று நிஜமாகவே இருக்கிறது. அதிலும் யாரும் நடிப்பதில்லை, அவர்களுக்கும் அது தன் கட்டுப்பாட்டில் இல்லை. சிலருக்கு இரண்டுமே சேர்ந்து இருக்கும். வீடியோ இஇஜி போட்டு, வரும்போதே பிடித்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். அதைச் செய்யாமலே சொல்லியிருக்கிறார்கள் என்றால் உங்கள் கோபம் நியாயமானது.

மாத்திரை விஷயத்தில் பாதிதான் உண்மை. குளோசபின், புப்ரோபியான் மாதிரி சிலவற்றில் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும், அவற்றில் கவனம் வேண்டும். ஆனால் மனச்சோர்வுக்கு இப்போது அதிகம் கொடுக்கும் செர்ட்ராலின் வகை மருந்துகளை வழக்கமான அளவில் வலிப்பு உள்ளவர்களுக்கும் தைரியமாகக் கொடுக்கிறார்கள். "எனக்கு ஃபிட்ஸ் இருக்கிறது, இந்த இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று மனநல மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். கார்பமசெபின் மற்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால் இது மிகவும் முக்கியம்.

#8 தூரத்து_ஒலி

எல்லாரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

மணல்மேடு, போனில் நேரம் பார்த்தேன். வாடை 25 விநாடி. நேற்று மறுபடி வந்தது, 30. ஆனால் குரல் அப்படி இல்லை. யோசித்துப் பார்த்தால் அது பகலில் வந்ததே இல்லை. படுத்துக் கண் அசரும்போது மட்டும்தான். நான்தான் பயத்தில் இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

இன்னொன்று சொல்லாமல் விட்டேன். சில மாதமாகக் காலையில் கண் திறக்கும்போது, ஏன் விழித்தோம் என்று இருக்கிறது. முன்பு செய்த எதிலும் பிடிப்பில்லை. இரவு மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இதற்கும் ஃபிட்ஸுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்ததால் எழுதவில்லை.

#9 வெண்சங்கு

சம்பந்தம் இருக்கிறது, அம்மா. நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டப்பாவைக் கையில் வைத்திருக்கும்போது சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? இப்போது வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஆம் என்றால், படித்த உடனே தங்கையை எழுப்பி அந்த டப்பாவை அவர் கையில் கொடுங்கள். ஒரு நாளுக்கான மாத்திரையை மட்டும் அவர் எடுத்துத் தரட்டும். எண்ணம் அழுத்தமாக இருந்தால் இன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது. இத்தனை வருடம் ஃபிட்ஸோடு வாழ்ந்த சோர்வு மட்டும் அல்ல அது. அதே மூளைப் பகுதிகள்தான் மனநிலையையும் ஆள்கின்றன. வலிப்பு வருவதற்கு முன்பே மனச்சோர்வு வந்தவர்களும் இருக்கிறார்கள். தற்கொலையால் இறப்பவர்களின் விகிதம் மற்றவர்களை விட ஏறத்தாழ மூன்று மடங்கு. வலிப்பு மருந்துகளாலும் இந்த எண்ணம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் எச்சரித்தது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்கள் பலவீனத்தால் வந்ததில்லை இது, மருந்துக்குக் கட்டுப்படும், அதற்காகத்தான் சொல்கிறேன். ஆறே கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கிறது, வலிப்பு உள்ளவர்களின் மனச்சோர்வுக்கென்றே செய்தது, மூன்று நிமிடத்தில் நிரப்பிவிடலாம். உங்கள் டாக்டர் தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

#10 நேர்கோடு

தூரத்து_ஒலி, நான் முன்பு எழுதியதைப் படித்து நீங்கள் டாக்டரிடம் சொல்லாமல் இருந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது. எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று இல்லை. துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எழுதிக் கொண்டு போய்த் தாளை மேசையில் வையுங்கள். வாயால் சொல்வதை மறந்துவிடுவார்கள், தாளைக் கோப்பில் வைத்தே ஆக வேண்டும். நான் தனியாகப் போனதுதான் தப்பாகிவிட்டது. இருக்கிறீர்களா? ஒரு வார்த்தை எழுதுங்கள்.

#11 தூரத்து_ஒலி

இருக்கிறேன். தங்கையை எழுப்பிவிட்டேன். டப்பா அவளிடம் இருக்கிறது. இரண்டு பேரும் அழுதுகொண்டிருக்கிறோம்.

#12 தூரத்து_ஒலி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

மறுநாளே போனோம். தங்கைதான் பேச்சை ஆரம்பித்தாள். தாளை மேசையில் வைத்தேன்: தேதி, நேரம், எத்தனை விநாடி, வயிற்றில் ஏறியதா, படுத்திருந்தேனா நின்றிருந்தேனா. டாக்டர் இரண்டு பக்கமும் திருப்பிப் படித்துவிட்டு, "இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று கேட்டார். "நீங்கள் பெரிய ஃபிட்ஸ் வந்ததா என்று மட்டும்தானே கேட்பீர்கள்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அது உண்மைதான் என்றார்.

ஐந்து நாள் வீடியோ இஇஜியில் வைத்தார்கள். வாடை இரண்டு முறை வந்தது. முதல் தடவை இஇஜியில் ஒன்றுமே தெரியவில்லை, எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. மூளையின் ஆழத்தில் சின்னதாக வந்தால் மண்டைக்கு மேலே ஒட்டிய கம்பிகளுக்கு எட்டாமல் போகலாம் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். நான்காம் நாள் வந்தது கொஞ்சம் நீண்டது, வலப்பக்க டெம்போரல் லோபில் தெளிவாகப் பதிந்தது. குரல் ஓர் இரவு வந்தது. அப்போது பதிவில் இருந்தது தூக்கத்தில் இறங்கும் அலைகள் மட்டுமே. எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் கண் அசரும் நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலக் கேட்பது சகஜமாம். ஆறு மாதமாக நான் அதிகம் பயந்தது அந்தக் குரலுக்குத்தான்.

ஆறு கேள்வித் தாளை நிரப்பினேன். மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கிறேன், நியூராலஜிஸ்டும் அவரும் போனில் பேசிக்கொண்டார்கள். செர்ட்ராலின் ஆரம்பித்து 16 நாள். பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை, பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்றார்கள். வாடை இன்னும் வாரத்துக்கு ஒரு முறை வருகிறது, வலிப்பு மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள்.

#13 கதவோரம்

படித்துக் காட்டினேன். என் மனைவி கேட்கச் சொன்னாள்: டப்பா இன்னும் தங்கையிடம்தானே?

#14 தூரத்து_ஒலி

அவளிடம்தான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, கையில் வைத்துவிட்டு நான் விழுங்கும் வரை நிற்கிறாள். அக்காவிடம் சொல்லுங்கள்.